கருவி புதிது, எதிர்பார்ப்பு பழையது

(புக்கிட் மேரா வட்டாரத்தில் ஆலயத் திருவிழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆலய விழா மலரில் பக்தியையும் பண்பாட்டையும் பற்றிய கட்டுரைகளே பெரும்பாலும் இடம்பெறுவது வழக்கம். கணினியும் தகவல் அமைப்பும் இங்கு எதற்கு என்னும் வினா சிலருடைய உள்ளத்தில் எழக்கூடும். ஆயினும் அர்ச்சனைச் சீட்டு முதல் உபயப் பதிவு வரை, ஆலயப் பணிகள் பலவும் இன்று கணினியின் வழியே நடைபெறத் தொடங்கிவிட்டன. புக்கிட் மேரா, மூத்தோர் மிகுந்து வாழும் வட்டாரங்களுள் ஒன்று. புதிய முறை ஒன்று வரும்பொழுது அதனை முதலில் வரவேற்பவர் இளையர். அதன் சுமையை முதலில் உணர்பவர் மூத்தோர். ஆகவே, புதிய தகவல் அமைப்பினால் மக்கள் எப்பொழுது மனநிறைவு அடைகின்றனர், எப்பொழுது மனம் வருந்துகின்றனர் என்பதை ஆராய்வது ஆலயத்திற்கும் பயன் தருவதாகும்.

தகவல் அமைப்பு என்றவுடன் பெரிய அலுவலகமும் கணினித் திரைகளும் நினைவுக்கு வரலாம். அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரெட்ஹில் பெருவிரைவு ரயில் நிலையத்தின் நுழைவாயிலில் அட்டையைத் தட்டியவுடன் கதவு திறக்கின்றதே, அதன் பின்னால் இருப்பதும் ஒரு தகவல் அமைப்புதான். பயணி எங்கு ஏறினார், எங்கு இறங்கினார், எவ்வளவு கட்டணம், அட்டையில் எவ்வளவு மீதம் என்பவற்றையெல்லாம் கணித்துக் குறித்து வைப்பது அதன் பணி. அத்தகைய அமைப்பு நன்றாக இயங்குகின்றதா என்று பொறியாளர் பார்க்கின்றார். மக்கள் பார்ப்பதோ வேறு: தாங்கள் எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதே அவர்களுடைய அளவுகோல்.

இவ்வுண்மையைப் புரிந்துகொள்ள ஆலயத்து அன்னதானமே போதிய சான்றாகும். அன்னதானத்தில் சோறும் சாம்பாரும் ஒரு கறியும் ஓர் அப்பளமும் கிடைத்தால் மனம் நிறைந்து கை கழுவுகின்றவர், அதே உணவு ஒரு திருமண விருந்தில் பரிமாறப்பட்டால் குறை கூறுவார். உணவில் மாற்றம் ஏதுமில்லை. சமைத்தவர்கூட ஒருவராகவே இருக்கலாம். இலையில் அமரும்முன் உள்ளத்தில் இருந்த எதிர்பார்ப்புதான் வேறு.

அறிஞர்கள் இதனை முறையாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஆலிவர் என்பார் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பொருளை வாங்குபவரின் மனநிறைவு அப்பொருளின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. வாங்குமுன் கொண்டிருந்த எதிர்பார்ப்பு மெய்ப்பட்டதா, பொய்த்ததா என்பதையும் பொறுத்தது என்று விளக்கினார். அடுத்த ஆண்டிலேயே, 1981-இல், மைக்கேல் கின்ஸ்பெர்க் என்னும் ஆய்வாளர் இதே வினாவைக் கணினி அமைப்புகளிடம் கொண்டுசென்றார். புதிய அமைப்பு நடைமுறைக்கு வருமுன்னரே அதனைப் பற்றி நடைமுறைக்கு ஒத்த எதிர்பார்ப்பு கொண்டிருந்தவர்கள், பின்னர் அதனை மனநிறைவோடு மிகுதியாகப் பயன்படுத்தினர் என்பதும், மிகையான கற்பனையோடு வந்தவர்கள் அவ்வாறு பயன்படுத்தவில்லை என்பதும் அவர் கண்ட முடிவாகும்.

1993-ஆம் ஆண்டில் பெர்னடெட் ஷைனா, ரிச்சர்ட் ஸ்கேமல் ஆகிய இருவர் நடத்திய சோதனை இன்னும் நுட்பமானது. ஒரே அமைப்பைப் பற்றி வெவ்வேறு அளவில் எதிர்பார்ப்பை ஊட்டி, பயனர்களைப் பணியாற்றச் செய்தனர். அவர்கள் அவ்வமைப்பைப் பற்றிக் கொண்ட கருத்து எதிர்பார்ப்பிற்கு ஏற்ப வேறுபட்டது. அவர்களுடைய வேலைத்திறனில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அதாவது, ஓர் அமைப்பால் வேலை நன்றாகவே நடந்துகொண்டிருக்கலாம். அதே வேளையில் அதனைப் பயன்படுத்துவோர் மனக்குறையோடும் இருக்கலாம். 2001-ஆம் ஆண்டில் அனோல் பட்டாச்சார்ஜி, இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்துவோரை ஆராய்ந்து, எதிர்பார்ப்பு மெய்ப்படுவதே மனநிறைவிற்கு முதன்மையான காரணம் என்றும், மனநிறைவே அச்சேவையைத் தொடர்ந்து பயன்படுத்த வைக்கும் என்றும் நிறுவினார்.

இவையெல்லாம் ஏட்டளவில் உள்ள கொள்கைகள். இவற்றிற்குச் சிங்கப்பூரிலேயே, அனைவரும் கண்கூடாகக் கண்ட சான்று ஒன்று உண்டு. அது 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் பெருவிரைவு ரயில் முதன்முதலில் 1987-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. தியோங் பாரு, ரெட்ஹில் நிலையங்கள் 1988-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் திறக்கப்பெற்றன. 1990-ஆம் ஆண்டில் பேருந்துக்கும் ரயிலுக்கும் பொதுவான டிரான்சிட்லிங்க் காந்த அட்டை வந்தது. 2002-ஆம் ஆண்டு ஏப்ரலில், தொடாமலே உணரத்தக்க ஈஸி-லிங்க் அட்டை அறிமுகமாயிற்று. காந்த அட்டையை இயந்திரத்தினுள் செலுத்த வேண்டியிருந்தது. ஈஸி-லிங்க் அட்டையைத் தட்டினாலே போதும். கருவி மாறியது, அட்டை மாறியது, பெயரும் மாறியது. ஒன்று மட்டும் மாறவில்லை: அட்டையில் எஞ்சியுள்ள தொகையை இயந்திரம் உடனுக்குடன் பயணியின் கண்முன் காட்டிக்கொண்டே இருந்தது.

சாலையிலும் அவ்வாறே. 1975-ஆம் ஆண்டு முதல் நகர மையத்துள் நுழைய வாகனமோட்டிகள் தாள் உரிமச்சீட்டு வாங்கி ஒட்டி வந்தனர். 1998-ஆம் ஆண்டில் மின்னியல் சாலைக் கட்டண முறை அதன் இடத்தைப் பிடித்தது. முற்றிலும் புதிய முறைதான். ஆயினும், அம்முறை தொடங்குமுன்னரே அப்பொழுது ஓடிக்கொண்டிருந்த வாகனங்களுக்குக் கருவி இலவசமாகப் பொருத்தித் தரப்பட்டது; அதன் இயக்கம் மக்களுக்கு விளக்கப்பட்டது. மின்வளைவின்கீழ் கார் சென்றவுடன் அக்கருவி ஒலி எழுப்பி, கேஷ்கார்டில் எஞ்சிய பணத்தைக் காட்டியது. கட்டணத்தை எவரும் விரும்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் எவ்வளவு போயிற்று, எவ்வளவு இருக்கின்றது என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இவ்வாறு முப்பதாண்டுக் காலத்திற்கும் மேலாக, தட்டினால் மீதித்தொகை தெரியும் என்பதை இயந்திரங்களே மக்களுக்குக் கற்றுக்கொடுத்தன. எவரும் அதனை வாக்குறுதியாக எழுதிக் கொடுக்கவில்லை. ஆயினும் நாள்தோறும் தவறாது நிறைவேறி வந்த ஒன்று மக்களின் உள்ளத்தில் வாக்குறுதியாகவே நிலைபெற்றுவிட்டது.

2019-ஆம் ஆண்டில் சிம்ப்ளிகோ என்னும் புதிய கட்டண முறை வந்தது. பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அட்டையின் தோற்றத்தில் இல்லை. கணக்கு எங்கே இருக்கின்றது என்பதில் உள்ளது. பழைய முறையில் பணத்தின் கணக்கு அட்டையினுள்ளேயே பதிந்திருக்கும். ஆகவே வாயிலில் உள்ள இயந்திரம் நொடிப்பொழுதில் அதனைப் படித்துக் காட்டிவிடும். புதிய முறையில் கணக்கு தொலைவில் உள்ள மையக் கணினியில் இருக்கும். அட்டை, அதன் உரிமையாளர் இன்னார் என்பதற்கு அடையாளமாக மட்டுமே பயன்படும். இதனால் விளையும் நன்மைகள் பல. வங்கி அட்டையையே பயணத்திற்கும் பயன்படுத்தலாம். கைப்பேசி வழியே பணம் நிரப்பலாம். சென்று வந்த பயணங்களின் பட்டியலைப் பார்க்கலாம். அட்டை தொலைந்தால் அதனை உடனே முடக்கலாம்.

ஆனால் ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. சிம்ப்ளிகோ முறைக்கு மாறிய ஈஸி-லிங்க் அட்டையைத் தட்டும்பொழுது, கழிக்கப்பட்ட கட்டணமும் மீதித்தொகையும் வாயிலில் தெரியமாட்டா. மையக் கணினியிலிருந்து அதனைக் கேட்டுப் பெறச் சில நொடிகள் ஆகும் என்றும், அதனால் வாயில்களிலும் பேருந்துகளிலும் நெரிசல் உண்டாகும் என்றும் நிலப் போக்குவரத்து ஆணையம் விளக்கியது. பொறியியல் நோக்கில் இது பொருந்தும் விளக்கமே.

2024-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள், பழைய அட்டை முறை அவ்வாண்டு ஜூன் 1 முதல் பெரியவர்களின் பயணத்திற்குப் பயன்படாது என்று ஆணையம் அறிவித்தது. பெரியவர் பயணங்களில் மூன்றில் இரு பங்கு ஏற்கெனவே சிம்ப்ளிகோ வழியே நடைபெறுகின்றது என்பது அவ்வறிவிப்பின் அடிப்படைகளுள் ஒன்று. ஆயினும் எதிர்ப்புக் கிளம்பிற்று. அட்டையை மாற்றிக்கொள்ள நிலையங்களில் நீண்ட வரிசைகள் உண்டாயின. மீதித்தொகை தெரியாதே என்னும் குறையே எங்கும் ஒலித்தது. இரண்டு வாரங்கூட முடியவில்லை; சனவரி 22-ஆம் நாள், அப்பொழுது போக்குவரத்து அமைச்சராக இருந்த சீ ஹொங் டாட் அவர்கள், பழைய முறையும் தொடர்ந்து நீடிக்கும் என்று அறிவித்தார். குறைந்தது 2030-ஆம் ஆண்டு வரையேனும் அதனை இயக்க 4 கோடி வெள்ளி கூடுதலாகச் செலவிடப்படும் என்றும் தெரிவிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. அமைப்பு ஒன்றே, பயனர் இரு சாரார். வங்கி அட்டையால் பயணம் செய்தவர்கள் வாயிலில் மீதித்தொகை தெரியவில்லை என்று குறைப்படவில்லை. வங்கி அட்டையில் அவ்வாறு தெரியும் என்று அவர்கள் எதிர்பார்த்ததே இல்லை. மாதமுடிவில் கணக்கு வரும் என்பதே அவர்களுடைய பழக்கம். பணம் நிரப்பிய அட்டையைப் பல்லாண்டு பயன்படுத்தி வந்தவர்களுக்கோ, அதே இயந்திரம் திடீரென ஊமையாகிவிட்டது போலத் தோன்றிற்று. மூன்றில் இரு பங்கு என்னும் கணக்கு பொய்யன்று. ஆனால், தாமே விரும்பி மாறியவர்களின் மனநிறைவைக் கொண்டு, மாறாதிருந்தவர்களின் மனநிறைவை அளவிட முடியாது. அவர்கள் மாறாமல் இருந்ததற்கே ஒரு காரணம் இருந்திருக்கும்.

மூத்த பயணி ஒருவருக்கு அந்த எண் எதனை அளித்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சந்தைக்கும் மருந்தகத்திற்கும் சென்று திரும்புபவர், இன்னும் இரு நாள் பயணத்திற்குப் பணம் உண்டு என்பதைப் பிறர் உதவியின்றித் தம் கண்ணாலேயே அறிந்துகொள்கின்றார். பேருந்தில் ஏறிய பின்னர்ப் பணம் போதவில்லை என்னும் கூச்சத்திற்கு இடமில்லை. கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறும்பொழுது, கைப்பேசி வேண்டும், கடவுச்சொல் வேண்டும், சிறிய எழுத்தைப் படிக்கும் பார்வை வேண்டும். இவை இல்லையெனில் மகனையோ பேத்தியையோ கேட்க வேண்டும். வடிவமைத்தவருக்கு அது திரையில் தோன்றும் ஒரு விவரம். மூத்தவருக்கோ அது பிறரை எதிர்பாராமல் வாழ்வதற்கு உரிய துணை.

அவ்வாறாயின், மக்களின் எதிர்பார்ப்பைத் தாழ்த்திவிட்டால் போதுமே என்று சிலர் கருதலாம். சிறிதளவே வாக்களித்து மிகுதியாகக் கொடுத்தால் எல்லாரும் மகிழ்வர் என்பது வணிகத்தில் வழங்கும் தந்திரம். அது நிலைக்காது. குறைத்துச் சொன்னால் பயன்படுத்தவே எவரும் முன்வரமாட்டார். மிகைத்துச் சொன்னால் வந்தவரும் மனம் முறிந்து திரும்புவர். கின்ஸ்பெர்க்கின் ஆய்வு வலியுறுத்துவது தாழ்ந்த எதிர்பார்ப்பை அன்று, உண்மையான எதிர்பார்ப்பை. எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முன்னதாகவே ஒளிவுமறைவின்றிக் கூறுதலே அதற்கு வழி.

அதற்கும் இங்கேயே சான்று உண்டு. கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2021-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் வந்த தைப்பூசத்தில் காவடிகள் இல்லை. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரையிலான நடைப்பயணமும் இல்லை. பக்தர்கள் இணையத்தின் வழியே நேரத்தை முன்பதிவு செய்து வழிபட வேண்டியிருந்தது. ஆண்டாண்டாக நேர்ந்து காவடி சுமந்து வந்த குடும்பங்களுக்கு இது எளிதான மாற்றமன்று. ஆயினும் என்ன நடைபெறும், என்ன நடைபெறாது, ஏன் நடைபெறாது என்பவை முன்னரே அறிவிக்கப்பட்டன. இழப்பு மெய்யானதுதான், ஆனால் எதிர்பாராமல் வந்ததன்று. 2023-ஆம் ஆண்டில் காவடியும் நடைப்பயணமும் மீண்டும் முழுமையாக இடம்பெற்றபோது மக்கள் திரளாகத் திரும்பினர்.

இனி, ஆலயப் பணிகளுக்கு இப்பாடங்கள் எவ்வாறு பொருந்தும் என்று காண்போர்க்கு, அர்ச்சனைச் சீட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. முகப்பில் பணம் செலுத்திப் பெறும் சீட்டு, பணத்திற்கான பற்றுச்சீட்டு மட்டுமன்று. அது அர்ச்சனைத் தட்டோடு அர்ச்சகர் கைக்குச் செல்கின்றது. பெயர், நட்சத்திரம், இராசி ஆகியவற்றைச் சொல்லி அர்ச்சகர் சங்கல்பம் செய்கின்றார். தம் பேரனின் பெயர் சன்னிதியில் ஒலிப்பதைப் பாட்டியார் செவியாரக் கேட்கின்றார். இதுவே அவர் எதிர்பார்ப்பது. நாளை இதனை இணையவழிப் பதிவாக மாற்றினால், கட்டணம் செலுத்துவது நொடிப்பொழுதில் முடியலாம். கணக்கு எழுதுவோர்க்கும் வேலை குறையலாம். ஆனால் படிவத்தில் நட்சத்திரத்திற்கு இடமில்லை என்றாலோ, பதிந்த பெயர் அர்ச்சகரின் கையை உரிய நேரத்தில் எட்டவில்லை என்றாலோ, அவ்வமைப்பு எவ்வளவு விரைவானதாயினும் பாட்டியாரைப் பொறுத்தவரை அர்ச்சனை நடைபெறவில்லை.

உபயப் பதிவும் அத்தகையதே. தம் தந்தையார் காலம் முதல் ஒரு குறிப்பிட்ட நாளின் உபயத்தை ஏற்றுவரும் குடும்பம், அந்நாள் தமக்கே உரியது என்று கருதுகின்றது. முந்திப் பதிவோர்க்கே முதலிடம் என்று இணையப் பக்கம் திறக்கப்பட்டால், விதிப்படி எப்பிழையும் இராது. ஆனால் எழுதப்படாத வாக்குறுதி ஒன்று முறிந்துவிடும். ஆகவே பழைய முறையை மாற்றுமுன், அது மக்களுக்கு எவற்றையெல்லாம் சொல்லாமலே கொடுத்து வந்தது என்று பட்டியலிடுதல் நிர்வாகத்தின் முதற்கடமை.

இரண்டாவது கடமை, கேட்டறிதல். கணினி தெரிந்த இளையரை மட்டும் கூட்டி ஆராய்ந்தால் போதாது. முகப்பின்முன் சில்லறைக் காசுடன் நிற்கும் முதியவரையும் கேட்க வேண்டும். புக்கிட் மேரா என்றால் செம்மலை. இப்பெயருக்குக் காரணமாகக் கூறப்படும் மலாய்ப் பழங்கதை பலரும் அறிந்ததே. கடலிலிருந்து வாள்மீன்கள் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றபோது, அரசன் மனிதர்களையே வரிசையாக நிறுத்தி அரண் அமைத்தான். மேலும் பலர் மாண்டனர். வாழைத்தண்டுகளை அரணாக நட்டால் மீன்களின் அலகு அவற்றில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் கூறினான், ஊர் பிழைத்தது. பின்னர் அச்சிறுவனின் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்வித்தான் என்றும், அவன் சிந்திய குருதியால் மலை சிவந்தது என்றும் கதை முடிகின்றது. துன்பத்தை நேரில் காண்பவரிடம் தீர்வும் இருக்கக்கூடும். அவர் சிறியவராயினும் எளியவராயினும் அவர் வாய்மொழிக்கு மதிப்பளித்தல் வேண்டும் என்பதை அக்கதை இவ்வட்டாரத்திற்கு விட்டுச் சென்றுள்ளது.

மூன்றாவது, பழையதும் புதியதும் சிறிது காலம் அருகருகே நடைபெறுதல். இணையப் பதிவு தொடங்கிய அன்றே முகப்பை மூடிவிட வேண்டியதில்லை. மக்கள் தாமே பார்த்து, பழகி, நம்பி மாறும்பொழுது அவர்களுடைய எதிர்பார்ப்பும் உடன் மாறுகின்றது. முகப்பின் அருகே இளந்தொண்டர் ஒருவர் அமர்ந்து, தாம் செய்து கொடுக்காமல், முதியவரின் கையாலேயே செய்யவைத்துப் பழக்கினால், அடுத்த திருவிழாவிற்குள் அம்முதியவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பார்.

நான்காவது, எண்ணிக்கையைக் கண்டு மயங்காமை. நூற்றுக்கு எண்பதின்மர் புதிய முறையை ஏற்றுக்கொண்டனர் என்பது மகிழ்ச்சிக்குரியதே. எஞ்சிய இருபதின்மர் யாவர் என்பதையும் பார்த்தல் வேண்டும். அவர்கள் தனித்து வாழும் முதியோராகவோ, கைப்பேசி இல்லாதோராகவோ, ஆங்கிலம் படிக்க இயலாதோராகவோ இருப்பின், ஆலயத்தின் துணை மிகுதியும் தேவைப்படுவோர் அவர்களே. பிற இடங்களில் அவர்கள் பின்தங்கியோர் எனப்படலாம். இறைவன் சன்னிதியில் அவ்வாறு எவரும் இல்லை.

புதுமையை வேண்டாமென்று விலக்குவது இவ்வுரையின் நோக்கமன்று. காந்த அட்டை வந்தபோது சில்லறை தேடும் தொல்லை குறைந்தது. தொடாமல் உணரும் அட்டை வந்தபோது வரிசை குறைந்தது. அவற்றை மக்கள் ஏற்றனர்; ஏனெனில், பழையதன் நன்மையை அவை பறித்துக்கொள்ளாமல் புதிய நன்மையைச் சேர்த்துக் கொடுத்தன. கருவியை ஒரே நாளில் மாற்றிவிடலாம். மக்களின் எதிர்பார்ப்போ பல ஆண்டு நம்பிக்கையால் உருவானது. அதற்கு உரிய காலமும் மரியாதையும் அளித்தே அதனை மாற்ற இயலும். ஆலய நிர்வாகத்தினர் ஒவ்வொரு புதிய முறையைக் கொணரும்போதும் இதனை நினைவிற்கொண்டு செயற்படுவாராக.

திருவிழா இனிதே நிறைவேறவும், புக்கிட் மேரா வட்டாரத்து மூத்தோரும் இளையரும் நலமுடன் வாழவும் எல்லாம் வல்ல இறையருள் துணை நிற்பதாக.